விருதம்பட்டு மகளிர் குழு மெஸ்: "பொறுப்பு யாருங்க?" என்றால் "எதுக்குங்க?" என்கிறார்கள்

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், மெஸ் என்றால் அதுதானே முதல்.

காட்பாடியிலிருந்து வேலூர் போகும்போது பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் விருதம்பட்டு வருகிறதல்லவா, அங்கே மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. போர்டில் 'மகளிர் குழு மெஸ்' என்பதோடு சரி. ஆறு மேசை, கை கழுவ ஒரு தொட்டி, சமையலறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அதனால் உள்ளே நடப்பது முழுக்கத் தெரியும், அவர்கள் பேசுவதும் காதில் விழும். மதியச் சாப்பாடு 70 ரூபாய். பொன்னி அரிசிச் சோறு, சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம். கேட்டால் இன்னொரு கரண்டி முகம் சுளிக்காமல் வரும். ரசம் நிறைய இடத்தில் புளித்தண்ணியாக இருக்கும், இங்கே மிளகையும் பூண்டையும் அன்றன்றைக்கு இடித்துப் போடுகிறார்கள், சளி பிடித்த நாளில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

புதனும் சனியும் களி. நம்ம வடாற்காட்டுக்காரர்களுக்குக் களியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நொய் குழைய வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவித்துப் போட்டு, மூடி, ஆவியில் விட்டு, அப்புறம் துடுப்பை நட்டு இரண்டு காலாலும் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு கிளறுகிறார்கள். கட்டி தட்டாத களி. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைக்கும்போது மேலே விரல் தடம் மினுமினுவென்று தெரியும். கூடவே கருவாட்டுக் குழம்பு, அதில் முழுசாக வெந்து காம்போடு கிடக்கும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே காய்தான். விதை அதிகம் உறுத்தாது, தோல் குழம்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். கருவாடு வேண்டாம் என்பவர்களுக்குக் கீரை கடைசல். களிச் செட் 60 ரூபாய், ஒரு மணிக்கு மேல் போனால் கிடைக்காது.

சரி, நல்ல சாப்பாடு போடும் மெஸ் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்த மெஸ்ஸை நடத்தும் விதம். பன்னிரண்டு பெண்கள், முதலாளி என்று யாரும் கிடையாது. இரண்டு வருஷமாக வாரத்தில் நாலு நாளாவது அங்கேதான் சாப்பிடுகிறேன், முதல் ஆறு மாதம் இதை நான் கவனிக்கவே இல்லை. கவனிக்க வைத்தது என் மாமா.

தங்கச்சி வளைகாப்புக்குத் தொண்ணூறு பேருக்குக் கலவைச் சாதம் சொல்ல மாமாவும் நானும் போனோம். மாமா பழைய மனுஷர், எங்கே போனாலும் பெரிய ஆளிடம்தான் பேசுவார். உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க பொறுப்பு யாருங்க?" என்றார்.

"எதுக்குங்க?" என்றார் அடுப்பிலிருந்த அக்கா.

"எதுக்குன்னா, எல்லாத்துக்கும்தாம்மா."

"எல்லாத்துக்கும்னு ஒருத்தர் இல்லீங்க. ருசி, அளவுன்னா எங்கிட்ட சொல்லுங்க. பணம்னா நோட்டு எழுதற அக்கா. கொண்டாந்து எறக்கறதுன்னா தோ, தட்டு கழுவுது பாருங்க, அந்தப் பொண்ணு."

மாமாவுக்கு மனசே இல்லை. வெளியே வந்து, "ஆளுக்கு ஆள் நாட்டாமைன்னா சோறு வெந்தாப்பலதான் மாப்ள, வேற எடம் பாரு" என்றார். நான்தான் வம்படியாக முன்பணம் கொடுத்தேன்.

வளைகாப்பு அன்றைக்குப் பத்தரைக்கெல்லாம் ஆட்டோவில் சாப்பாடு வந்துவிட்டது. புளி, எலுமிச்சை, தேங்காய், மாங்காய், தயிர் என்று ஐந்து வகை, அதோடு சர்க்கரைப் பொங்கல். பதினொன்றரைக்குப் பார்த்தால் வாசலில் இன்னும் செருப்பு சேர்ந்துகொண்டே போகிறது. தொண்ணூறு என்று சொன்னோம், நூற்றிப் பதினைந்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். பரிமாற வந்த அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். தலைகளை ஒரு தடவை எண்ணினாள், போனை எடுத்தாள். "அக்கா, இன்னும் முப்பது பேருக்கு லெமன் ஏத்து, தயிர் போதும். அப்பளம் நான் இங்கயே வாங்கிக்கறேன்." அவ்வளவுதான் பேச்சு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து பணம் எடுத்து எங்கள் வீட்டுப் பையனையே கடைக்கு அனுப்பினாள். முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது அண்டா வந்து இறங்கியது. கடைசிப் பந்திக்கும் குறையில்லை. மாமா ஒன்றும் பேசவில்லை, ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவரே இலை போட்டு உட்கார வைத்தார்.

இதை நான் பெரிசாக எடுத்துக்கொண்டதற்கு என் வேலை ஒரு காரணம். ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் பிரிவில் பல வருஷமாக இருக்கிறேன். எங்களிடம் ஒரு மோட்டார் பேரிங் போனால், என்ன பேரிங், எந்தக் கடையில் இருக்கிறது, என்ன விலை என்று ஃபிட்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லை என்றால் இரண்டு நாள் லைன் சும்மா நிற்கும். ஒரு தடவை நின்றது, மேலதிகாரி திரும்பி வந்து "ஏன் யாரும் முடிவெடுக்கல?" என்று எங்களையே கேட்டார். முடிவெடுக்கிற உரிமையை ஒரே இடத்தில் பூட்டி வைத்துவிட்டுக் கேட்கிற கேள்வியா அது? அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் அந்தப் பெண் சுருக்குப் பையைப் பிரித்த விதம் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். அங்கே தலைமை என்பது இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் அது ஒரு ஆளிடம் உட்கார்ந்திருப்பதில்லை, வேலை எங்கே போகிறதோ அங்கே போகிறது. போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வந்த வங்காளக் குடும்பம் ஒன்று, வயசான அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தது. பாஷை புரியவில்லை, அந்த அம்மா தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறார். தட்டு எடுக்கிற ஒரு அக்கா முன்பு ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்தவர், கொஞ்சம் ஹிந்தியும் கொஞ்சம் வங்காளமும் வரும். அவர் போய்க் குனிந்து பேசினார், திரும்பி வந்து அடுப்பைப் பார்த்து, "உப்பு இல்லாம பருப்பு தனியா எடு, சோறு இன்னும் கொஞ்சம் குழையட்டும், ஆயா, நீ அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு" என்று வரிசையாகச் சொன்னார். ஆயா என்றால் குழுவிலேயே மூத்தவர், அறுபத்தைந்து தாண்டியவர், மற்ற நேரத்தில் அவர் குரல்தான் ஓங்கியிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆயா மறுபேச்சில்லாமல் ஃபேனைத் திருப்பினார். அந்த அம்மா சாப்பிட்டு முடித்ததும் வார்டு அக்கா பழையபடி தட்டெடுக்கப் போனார், ஆயா பழையபடி சத்தம் போட ஆரம்பித்தார்.

1920களிலேயே மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைத்தான் எழுதினார்: ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கட்டளை போடுவதை விட, இரண்டு பேரும் சேர்ந்து அந்த நேரத்து நிலைமை என்ன கேட்கிறது என்று பார்த்து அதற்குக் கட்டுப்படுவது நல்லது என்று. அப்போது யாரும் யாருக்கும் கீழ்ப்படிந்ததாக ஆகாது. ஆயா ஃபேனைத் திருப்பியபோது அவர் முகத்தில் தோற்ற களை துளிக்கூட இல்லை, அதை நான் பார்த்தேன்.

இதெல்லாம் நல்ல மனசு இருந்தால் தானாக நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு அங்கே கூட்டம் நடக்கும், ஒரு மழை நாளில் வெளியே போக முடியாமல் மூலை மேசையில் மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டேன், "இருங்கண்ணா, இதுல ரகசியம் ஒண்ணுமில்ல" என்று டீயும் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் அர்த்தம் புரிந்தது. அதில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும், சிவப்பு, பச்சை, மெரூன், நீளப் பொட்டு, கல் வைத்த பொட்டு. நான் யாரோ குழந்தைகள் ஒட்டியது என்று நினைத்திருந்தேன். குழுவில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் ஆளுக்கு ஒரு பொட்டு. கட்டத்தின் மேல் மூலையில் இருந்தால் அடுப்பு, நடுவில் இருந்தால் சந்தை, கீழே இருந்தால் பாத்திரம். யாருக்கு எப்போது எது என்று பன்னிரண்டு பேரும் ஒரே பார்வையில் படிக்கலாம். குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநரின் மெரூன் பொட்டு அந்த மாதத்தில் நாலு தடவை கீழே ஒட்டியிருந்தது, நான் எண்ணினேன்.

ஊக்குநர் என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கும். நம்ம மாநிலத்தில் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தன. பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரை சேர்ந்து ஒரு குழு, அதில் ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். தலைவி என்று பேர் வைக்காமல் ஊக்குநர் என்று வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக யோசித்து வைத்திருக்கிறார். ஆனால் நடப்பில் என்ன ஆகிறது? ஒரே ஆள் பத்து வருஷம் ஊக்குநராக இருந்து, பாஸ்புக்கும் நோட்டும் அவர் வீட்டு பீரோவிலேயே தங்கி, மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். வார்த்தை நல்ல வார்த்தையாக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பொறுப்பு ஆள் மாறிச் சுற்ற வேண்டும். இவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள், இருந்தவர் மூன்று வருஷம் திரும்ப வரக்கூடாது.

இந்த மூன்று வருஷக் கணக்கைக் கேட்டதும் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள், குடவோலை முறையைச் சொல்பவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைவாரியாகப் பிரித்து, 360 நாள் ஆனதும் இறங்கச் சொல்லி, முந்தின மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் பேரைக் குடத்தில் போடக்கூடாது என்கிறது அது. கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. நிலம் வைத்திருந்த ஆண்களுக்கு மட்டுமே இருந்த வாய்ப்பு அது, பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, படிக்கத் தெரியாத அக்காக்கள் பொட்டு ஒட்டி அதே விதியை வைத்து மெஸ் நடத்துகிறார்கள் என்றால், அதை நான் சும்மா தாண்டிப் போக முடியாது.

கூட்டத்தில் அன்றைக்குச் சண்டை. சந்தை முறைக்காரர் நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காயை வழக்கத்தை விடக் கிலோவுக்கு இருபது ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கிவிட்டார். நோட்டு அக்கா கணக்கை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்தார், படிக்கத் தெரியாதவர்களும் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த இருபது ரூபாயில் வந்ததும் ஒரே இரைச்சல். அப்போது ஊக்குநர் டம்ளரால் மேசையைத் தட்டி, "சின்னதுலேருந்து வாங்க" என்றார். அது அவர்கள் விதி. வயசில் சின்னவர் முதலில் பேச வேண்டும், ஆயா கடைசியில். முதலில் ஆயாதான் பேசுவாராம், ஆயா ஒன்று சொன்னால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்களாம், அதனால் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் ஆயாவேதான், என்னைப் பார்த்து.

இது சின்ன விஷயம் இல்லை. 1977 மார்ச்சில் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் கேப்டன் அந்தக் கம்பெனியிலேயே பெரிய பேர் எடுத்தவர். எதிர் விமானம் ஓடுபாதையை விட்டுப் போய்விட்டதா என்று பின்னால் இருந்த ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டார், கேப்டன் ஆமாம் என்று அடித்துச் சொன்னதும் விட்டுவிட்டார். அதன் பிறகுதான் விமானிகளுக்கான பயிற்சியே மாறியது: சின்னவர் சந்தேகத்தைச் சொல்லியே ஆக வேண்டும், பெரியவர் காது கொடுத்தே ஆக வேண்டும். அவ்வளவு உயிர் போய்க் கற்றுக்கொண்ட பாடம் விருதம்பட்டில் ஒரு டம்ளர் சத்தத்தில் நடக்கிறது.

கத்தரிக்காய் விஷயம் என்ன ஆயிற்று என்றால், சின்னப் பெண் "மழைன்னு லோடு வரல, நானும் அன்னிக்கி மார்க்கெட்ல பார்த்தேன்" என்று சொன்னாள், சண்டை அடங்கியது. ஆனால் அதோடு விடவில்லை. விலை இவ்வளவுக்கு மேல் போனால் சந்தைக்காரர் அடுப்புக்காரருக்குப் போன் பண்ண வேண்டும், அடுப்புக்காரர் காயை மாற்றிக்கொள்ளலாம் என்று நோட்டில் எழுதினார்கள். வளைகாப்பில் அந்தப் பெண் செலவழித்த பணமும் இப்படி ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் கணக்குக்கு வந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய் வரை இடத்திலேயே முடிவெடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் சொல்லியாக வேண்டும் என்பது ஏற்கெனவே பேசி வைத்த ஏற்பாடு. நான் அதை அவள் துணிச்சல் என்று நினைத்தேன், துணிச்சலும்தான், ஆனால் பின்னால் பன்னிரண்டு பேர் பேசி வைத்திருந்த ஒரு வரி இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ருசி ஒரே சீராக இருக்காது. அடுப்புக்கு ஆள் மாறுவதால் சாம்பார் ஒரு நாள் துவரம்பருப்பு தூக்கலாக, ஒரு நாள் நீர்த்துப்போய் இருக்கும். பச்சைப் பொட்டு அக்கா அடுப்பில் இருந்தால் உப்பு ஒரு சிட்டிகை கூடத்தான், நான் நேரிலும் சொல்லியிருக்கிறேன். பார்சல் மெதுவாக வரும், பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை வாங்கவே போகாதீர்கள். புது விஷயம் எதற்கும் நாளாகும். போனில் பணம் செலுத்தும் வசதிக்கு மூன்று மாதம் பேசினார்கள், யாருடைய எண்ணில் வைப்பது, குழுவின் வங்கிக் கணக்கிலேயே நேராக விழ என்ன வழி என்று. அதுவரைக்கும் சில்லறை தேடி நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தனி முதலாளி இருந்தால் ஒரே நாளில் அட்டையை ஒட்டியிருப்பார், உண்மைதான். ஆனால் இப்போது எந்தப் பணமும் யாருடைய சொந்தக் கணக்குக்கும் போவதில்லை, அந்தப் பேச்சே அங்கே எழுவதில்லை.

இன்னொன்று, ஒருவர் சரியாக வேலைக்கு வராமல் மூன்று மாதம் இழுத்தடித்தார். எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, சொல்வது தன் வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் முதுகில் அந்தப் பாரம் ஏறியது, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த எனக்கே கஷ்டமாக இருந்தது. கடைசியில் பிரதிநிதி ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார், மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார் என்று தெரிந்தது. இப்போது அவருக்குக் காலை இரண்டு மணி நேரம் காய் நறுக்குவது மட்டும், சம்பளமும் அதற்கேற்ற மாதிரி. முதல் வாரமே போயிருக்கலாம். பொறுப்பு எல்லாருடையது என்னும்போது இப்படி ஒன்று யாருடையதும் இல்லாமல் நழுவிவிடும், அதற்கு அவர்கள் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. அடுத்த தடவை சீக்கிரம் போவார்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் மாமா தன் பேத்தி காதுகுத்துக்கு என்னைக் கூட்டாமல் அவரே போய் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். "காசு நோட்டுக்காரம்மாகிட்ட, காரம் கொஞ்சம் கம்மின்னு அடுப்புகிட்ட, எண்ணிக்கை அந்தப் பொண்ணுகிட்ட" என்றார்.

ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஏழரைக்கு இட்லி, பொங்கல், மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை சாப்பாடு, ராத்திரி கிடையாது. ஐம்பது பேருக்கு மேல் ஆர்டர் என்றால் செவ்வாய்க் கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் காலண்டரில் பொட்டு மாற்றி ஒட்டுவார்கள். வண்டி நிறுத்த இடம் குறைவு, சந்து முனையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.